கடைமடைச் சேற்றுக்கு ஒரு நாற்சக்கர வண்டி

காரைக்கால் வட்டாரத்தில், திருநள்ளாற்றுக்கு மேற்கே, பத்ரகாளியம்மன் சந்நிதியால் பெயர்பெற்ற அம்பகரத்தூரைச் சுற்றியுள்ள நிலம், ஓர் ஆண்டுக்குள் மூன்று வேறு பிரதேசங்களாக உருமாறும் ஸ்வபாவம் உடையது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், வயலும் வாய்க்கால் கரையும் ஒன்றாய்க் கலந்து, கால் வைத்த இடமெல்லாம் உள்வாங்கும் களிச்சேறாகிவிடும். சம்பா அறுத்தபின், தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் பச்சை காட்டும் மாசி, பங்குனியில், அதே களிமண் பாளம் பாளமாக வெடித்து, டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளங்கள் இறுகிக் கல்லாய்க் கிடக்கும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்படும் மேட்டூர் அணை ஜூன் 12-ல் மறுபடியும் திறக்கப்பட்டு அந்நீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை, அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் பெரும்பகுதி மணல்வெளிகளாகவே நீண்டு கிழக்கே கடலை நோக்கிப் போகின்றன. சேறு, கட்டாந்தரை, மணல் ஆகிய இந்த மூன்றிலும் தடையின்றி ஓடி, ஓட்டுகிறவருக்கு ஆனந்தத்தையும் அளிக்கவல்ல ஒரு நாற்சக்கர பைக்கைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர், அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, அந்தச் சக்தி எந்தச் சக்கரத்துக்கு, எந்தச் சமயத்தில், எவ்வளவு போய்ச் சேருகிறது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இவ்வூர்ப் பக்கத்தில் நிலபுலன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், டிராக்டராகப் பதிவு செய்து வாங்கிய போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை அவருடைய வயல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் மழைக்காலத்தில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையுமாக ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதற்கு ஒப்புநோக்க, உல்லாசப் பூங்காக்களில் வாடகைக்கு விடும் ரகத்தைச் சேர்ந்த, பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் சிறிய வண்டி ஒன்றும் உடன் இருந்தது. கீழே சொல்லும் விஷயங்களில் பெரும்பாலானவை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை.

இந்த வாகன வர்க்கத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970-ல் ஹோண்டா நிறுவனம், காற்றடைத்த பருத்த டயர்கள் கொண்ட மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கிற்று. அது பனியிலும் மணலிலும் மிதந்து ஓடியது உண்மையே ஆயினும், திருப்பங்களில் எளிதில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தியதால், 1988-ல் அந்நாட்டு அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றுபோயிற்று. அதற்குள்ளாகவே, 1982-ல் சுசுகி நான்கு சக்கரங்களில் ஒரு வண்டியைக் கொணர்ந்திருந்தது. 1986-ல் ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் 350 நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்போடு வெளிவந்தது. இன்று நாம் கடையில் பார்க்கும் நடுத்தர வண்டிகள் யாவும் அந்த 1986-ஆம் ஆண்டு வண்டியின் வழிவந்தவையே.

இனி, நான்கு சக்கர இழுவை என்பதன் உட்பொருளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். விலை கொடுத்து ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் உட்பக்கத்துச் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்வதற்காக அச்சின் நடுவே அமைந்திருக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரக் கூட்டம், தார்ச்சாலையில் பரமோபகாரியாக இருப்பது போலவே சேற்றில் பரம விரோதியாகவும் மாறிவிடுகிறது. ஏனெனில், இரண்டு சக்கரங்களுள் எதற்கு எதிர்ப்புக் குறைவோ அதற்கே சுழற்சியை விட்டுக்கொடுப்பது அதன் இயல்பாதலால், வழுக்குகிற சக்கரம் வீணாய்ச் சுழன்று குழி பறிக்க, பிடிப்புள்ள சக்கரம் அசையாமல் நின்றுவிடும். ஆகவே, நான்கு சக்கர இழுவை என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பதனால் மட்டும் நான்கு சக்கரமும் இழுத்துவிடும் என்று எண்ணலாகாது. முன் அச்சில் இந்த டிஃபரன்ஷியலை அடக்கி வைப்பதற்கு என்ன உபாயம் செய்திருக்கிறார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மார்க்கத்தைக் கைக்கொண்டிருக்கிறது. ஹோண்டா தன் ரான்ச்சர் போன்ற வண்டிகளில், ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால் மற்றச் சக்கரத்துக்குச் சக்தியைத் தானே திருப்பிவிடும் முன் டிஃபரன்ஷியலை வைக்கிறது. யமஹா தன் கிரிஸ்லி வண்டியில் இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், நான்கோடு முன் அச்சுப் பூட்டு என்று மூன்று நிலைகளைப் பொத்தானில் அமைத்து, எதை வேண்டுவது என்பதை ஓட்டுகிறவருடைய தீர்மானத்துக்கே விட்டுவிடுகிறது. பூட்டுப் போட்டால் கைப்பிடி கனத்துவிடும், வேகத்துக்கும் வரம்பு ஏற்பட்டுவிடும். போலாரிஸோ, ஒரு சுவிட்சை அழுத்தி வைத்துவிட்டால், பின்சக்கரங்கள் வழுக்கும் கணத்தில் முன் அச்சிலுள்ள உருளைகள் இறுகிப் பிடித்து, முன்சக்கரம் இரண்டையும் ஒருசேர இழுக்கச் செய்கிறது. வழுக்கல் நின்றவுடன் தானே விட்டுவிடுகிறது.

நம் கடைமடைக் களிமண்ணில் முதன்முதலாக வண்டி ஏறுகிறவருக்கு இந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் சௌகரியமானது என்று அனுபவத்தில் கண்டேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தண்ணீர் வடியாத வயலின் ஓரமாக, ‘எல்’ என்னும் தாழ்ந்த கியரில் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு, கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரைச் சீராக அழுத்திக்கொண்டு போகையில், பின்புறம் சற்றே பக்கவாட்டில் சரிவதும், அடுத்த கணமே முன்சக்கரங்கள் பிடித்து இழுத்து வண்டியை நேராக்குவதும் கைப்பிடியில் தெளிவாகத் தெரிந்தன. சிறிது தூரத்தில் டயர்களின் பள்ளங்களெல்லாம் களிமண்ணால் அடைபட்டு வழவழப்பாகிவிட்டன. அப்போது வண்டியை நிறுத்தாமல், விரலைச் சற்று அழுத்திச் சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டுச் சேற்றை உதறவைத்து, கைப்பிடியை இருபுறமும் சிறிதுசிறிதாக ஆட்டி டயரின் ஓரப்பற்களைக் கவ்வச் செய்தால், வண்டி தயங்கித் தயங்கியேனும் முன்னேறிவிடுகிறது. பின்சக்கர இழுவை மட்டுமுள்ள சிறிய வண்டியோ அதே இடத்தில் அச்சுவரை அமிழ்ந்து, சங்கிலி முழுவதும் சேறு அப்பிக்கொண்டு நின்றுபோய், கேஜ் வீல் பூட்டிய உழவு டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தபின்பே கரையேறிற்று. உலர்ந்த மைதானத்தில் குழந்தைகளுக்கு வட்டமடித்துக் காட்ட அது போதும். இந்த மண்ணுக்கு அது ஆகாது.

கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும்போது விஷயம் வேறாகிறது. வழுக்கும்போது மட்டும் பிடிக்கும் முன் அச்சு, இறக்கத்தில் எஞ்சினின் தடுப்புச் சக்தியை முன்சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பதில்லை. அதற்கென்று தனி ஏற்பாடு உள்ள வண்டிகளில் மட்டுமே அது நடக்கும். யமஹாவின் முறையில் இந்தக் குறை இல்லை. செங்குத்தான கரைகளில் அடிக்கடி ஏறி இறங்க விரும்புகிறவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் ஆற்றங்கரைகள் மலைச்சரிவுகள் அல்ல. ‘எல்’ கியரில், உடலைப் பின்னுக்குச் சாய்த்து, நேர்குத்தாக இறங்கினால் பிரேக்கே போதுமானது. கரையில் குறுக்காகச் சாய்ந்து ஓட்டுவதுதான் அபாயம்.

பெல்ட் என்ற விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான நடுத்தர வண்டிகளில், வேகத்துக்கேற்பப் படிப்படியாக மாற்றும் பல்சக்கரக் கியர்களுக்குப் பதிலாக, நம் ஊர் ஸ்கூட்டர்களில் இருப்பது போன்ற ரப்பர் பெல்ட்டும் விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் உள்ளன. உயர்ந்த கியரில் போட்டுக்கொண்டு சேற்றில் ஊர்ந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறித் தேய்ந்துபோகும். அதன் உறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எஞ்சின் அலறினாலும் சக்கரம் சுழலாது. வாய்க்காலைக் கடக்குமுன் ஆழத்தைக் கழியால் பார்த்துக்கொள்வதும், மெதுவாகப் போகும் இடங்களிலெல்லாம் தாழ்ந்த கியரையே உபயோகிப்பதும் இதற்குப் பரிகாரம். பல்சக்கரக் கியர்களையே கொண்ட ஹோண்டா வண்டிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நீரிலேயே நாள் முழுதும் உழல வேண்டியவர்களுக்கு அதுவே சிரேஷ்டம் என்று தயங்காமல் சொல்வேன்.

டயர்களின் காற்றழுத்தத்தைப் பற்றி நம் நாட்டில் ஒருவரும் பேசுவதில்லை. காருக்கு முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. அடிக்கிறோம், இந்த வண்டிகளுக்கோ ஏறத்தாழ ஐந்து, ஆறு, ஏழு பி.எஸ்.ஐ. மட்டுமே வேண்டும். அந்தக் குறைந்த காற்றினால்தான் டயர் தட்டையாகப் படிந்து, பாரத்தை அகலப் பரப்பி, சேற்றின்மேலும் மணலின்மேலும் மிதக்கிறது. ஊர்ப் பஞ்சர் கடையில் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் அளவுகோலில் இவ்வளவு சிறிய எண்ணைத் துல்லியமாகப் பார்க்க இயலாது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு இருபது அடித்து அனுப்பிவிட்டால், வண்டி கட்டாந்தரையில் பந்துபோல் துள்ளி, மணலில் குழி தோண்டி, வாங்கியவரை மனம் நோகச் செய்துவிடும். தாழ்ந்த அழுத்தத்துக்கென்றே விற்கும் அளவுகோல் ஒன்றை வண்டியோடு சேர்த்து வாங்குவது அத்தியாவசியம்.

கோடையில், வறண்ட ஆற்று மணலில் ஓட்டியபோது கிட்டிய சுகம் அலாதியானது. ஈரம் உறைந்த மணலில் பின்சக்கர இழுவையே போதும். உலர்ந்த பொடி மணலில் சுவிட்சைப் போட்டால், வண்டி ஒரே சீராக, நாணற் புதர்களைச் சுற்றிக்கொண்டு, வெயில் தாழ்ந்த மாலைக் காற்றில் போய்க்கொண்டே இருக்கும். வெடித்த வயல்களில் இதன் தனித்தனியான பின் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரத்தையும் வேறாக ஏற்றி இறக்குவதால், டிராக்டர் தடத்தின் கட்டிகள் முதுகைத் தாக்குவதில்லை. பின் அச்சு ஒரே தண்டாக அமைந்த வண்டிகள் சரிவில் சற்று உறுதியாக நிற்கும், பழுதும் குறைவு; ஆயினும், எங்கள் பக்கத்துக் கட்டாந்தரையில் ஒரு மணி நேரம் போனால் இடுப்பு அதற்குரிய கூலியைக் கேட்டுவிடும்.

வைக்கோல் ஒரு மறைமுகமான சத்துரு. அறுவடை யந்திரம் உதிர்த்துவிட்டுப் போன தாள், சக்கர அச்சுகளில் சுற்றிக்கொண்டு எண்ணெய் சீல்களை அறுத்துவிடும்; சைலன்ஸருக்கும் உடற்கூட்டுக்கும் இடையே சேர்ந்தால் தீப்பற்றவும் கூடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குனிந்து அதைப் பிடுங்கி எறியாதவர் இந்த வண்டியை வைத்துக்கொள்ளத் தகுதியற்றவர். ரேடியேட்டரில் அப்பிய சேற்றையும் அன்றன்றே மெதுவாகப் பாயும் நீரால் கழுவிவிட வேண்டும். சித்திரை வெயிலில் சேறு காய்ந்து இறுகிய ரேடியேட்டருடன் தாழ்ந்த கியரில் ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும். கடலோரம் போய்வந்த நாளில் உப்பைப் போக்க அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் அலசுவது, பல ஆண்டு ஆயுளைக் கூட்டும்.

எஞ்சின் அளவைப் பொறுத்தவரை, 400 முதல் 570 சி.சி. வரை இருப்பதே இந்தப் பிரதேசத்துக்கு உத்தமம். ஸ்போர்ட்ஸ்மேனின் 567 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், டிராக்டர் பதிப்பில் 34 குதிரைத்திறன் அளிப்பதாகச் சொல்லப்படுகிறது. சேற்றிலோ மணலிலோ அதற்குமேல் ஒரு குதிரையாவது வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. 850, 1000 சி.சி. வண்டிகள் மேலும் கனம் கூடியவை. நடுத்தர வண்டியே 300 கிலோவைத் தாண்டும். அது களியில் புதைந்தால் இரண்டு ஆள் தூக்கி எடுக்க முடியாது. கம்பிவடம் சுற்றிய வின்ச் இருந்தால் தானே இழுத்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் வடத்தைக் கட்டுவதற்கு ஒரு மரம் வேண்டாமா? நடுவயலில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லைத் தவிர ஒன்றும் இராது. கரைமேல் நிற்கும் பனை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் இறங்குவதே விவேகம். அகலத்தையும் கவனிக்க வேண்டும்: ஏறத்தாழ நான்கடி அகலமுள்ள இந்த வண்டி வரப்பின்மேல் போகாது, வாய்க்கால் கரையில் போகும், ஆயினும் மழையில் ஊறிய கரையின் ஓரம் பாரம் தாங்காமல் சரிந்தால் வண்டியும் ஆளும் தண்ணீருக்குள் விழ நேரிடும்.

சட்டத்தின் நிலைமை வாங்குகிறவர் அவசியம் அறிய வேண்டியது. இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவை நம் நாட்டில் சாலையில் ஓட்டுவதற்குரிய அங்கீகாரம் பெறாதவை. தனியார் நிலத்துக்குள் மட்டுமே ஓட்டலாம். 2018-ல் தனிநபர் உபயோகத்துக்கு அனுமதிக்கப்பட்ட ‘குவாட்ரிசைக்கிள்’ என்னும் வகுப்பு, கூரை போட்ட சிறு காரை ஒத்த வேறு வாகனம். அதனோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. 2019-ல் போலாரிஸ் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ விவசாய டிராக்டர் என்ற வகுப்பில் அங்கீகாரம் பெற்று, ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் விலையில் வெளியிட்டதன் காரணமாக, பதிவு எண் பெற்றுச் சாலையில் போகக்கூடிய முதல் வண்டியாக அது இங்கே அறிமுகமாயிற்று. ஐரோப்பாவிலும் பல நாற்சக்கர பைக்குகள் டிராக்டர் வகுப்பிலேயே பதிவாகின்றன. பிரான்சில் உறவினர் உள்ள காரைக்கால் குடும்பங்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. எங்கள் பக்கத்தில் இந்தப் பதிவு மேலும் அவசியமானது. அம்பகரத்தூரிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனாலே புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும், ‘பி.ஒய். 02’ என்ற காரைக்கால் எண்ணும் காப்புறுதியும் உள்ள வண்டிக்கு அந்த எல்லை ஒரு பொருட்டல்ல, எண்ணில்லாத வண்டிக்கோ வயலைவிட்டு வெளியே வந்த அடுத்த கணமே அது குற்றம்.

இந்த வண்டி ஆளைக் கொல்லக்கூடியது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கவிழும்போது அதன் அடியில் சிக்கி மூச்சு முட்டி இறப்பவர்கள் பலராதலால், ஆஸ்திரேலிய அரசாங்கம் 2021 அக்டோபர் முதல், பண்ணை உபயோகத்துக்கு விற்கும் புதிய வண்டி ஒவ்வொன்றிலும் ஓட்டுநரைக் காக்கும் வளைவுச் சட்டம் பொருத்த வேண்டும் என்று விதித்தது. அதற்கு உடன்படாத பெரிய நிறுவனங்கள் சில அந்தச் சந்தையை விட்டே விலகின. அந்த விஷயத்தில் நியாயம் அரசாங்கத்தின் பக்கமே என்பது என் துணிபு. நம் நாட்டில் அப்படி ஒரு விதி வரும்வரை, இத்தகைய சட்டத்தைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். ஒருவர் ஏறும் வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றலாகாது. உடலைச் சாய்த்துச் சமநிலை காப்பதே இதை ஓட்டும் கலையாதலால், பின்னால் உட்கார்ந்தவர் அந்தக் கலையைக் கெடுத்துவிடுவார். பதினாறு வயது நிரம்பாதவர்களுக்குப் பெரிய வண்டி கூடாது என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் வயலுக்குள்ளேயும் ஏறக்கூடாது.

கடற்கரையை நினைத்து இந்த வண்டி வாங்குகிறவர்கள் பலர். அவர்களிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. காரைக்கால் கடலோரத்து மணல்மேடுகளைப் பிடித்து நிறுத்தியிருப்பவை அடும்பங்கொடியும் ராவணன் மீசையும். பற்கள் கொண்ட டயர் ஒரு தடவை ஏறி இறங்கினால், அந்தக் கொடிகள் வேரோடு பிய்ந்து மணல் காற்றுக்கு இரையாகிவிடும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்ததைக் கண்ட இந்தக் கரையில், மணல்மேட்டின் மதிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மணல்மேடுகளைச் சிதைப்பதைக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை தடுக்கிறது. மேலும், தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். பொரித்த குஞ்சுகள் சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழுந்தால் கடலைச் சேர முடியாமல் மடிந்துபோகும். சென்னை மெரினாவில் காவல் துறையினர் இத்தகைய வண்டிகளில் ரோந்து போவது உயிர் காக்கும் கடமைக்காக; நம் உல்லாசத்துக்கு அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாகாது. ஆற்றுப்படுகையிலும் கரைகளிலும் போவதற்கும் பொதுப்பணித் துறையின் அனுமதியைப் பெற்றுக்கொள்வதே முறை. உளுந்து முளைத்த தரிசில் நிலத்துக்காரரைக் கேளாமல் இறங்குவது அவருடைய அன்னத்தில் சக்கரத்தை ஏற்றுவதாகும்.

சொந்த நிலமும், அதில் இந்த வண்டிக்கு உண்மையான வேலையும் உள்ளவருக்கு, டிராக்டராகப் பதிவான ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். விதை மூட்டையை முன் தட்டில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் அதே வண்டியில் ஆற்று மணலில் உலாவி வரலாம். நிலமில்லாமல் உல்லாசத்துக்கு மட்டும் விரும்புகிறவர், இவ்வளவு பணத்தை முடக்காமல், பயிற்சி தரும் மைதானங்களில் வாடகைக்கு ஓட்டித் திருப்தி அடைவதே மேல். எப்படியாயினும், வாங்க எண்ணுகிறவர்கள் பதிவுச் சான்றிதழில் டிராக்டர் என்ற வகுப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, உதிரி பெல்ட் ஒன்றையும் சேர்த்துக் கேட்டு, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு நாள் நம் களிச்சேற்றில் இறக்கி ஓட்டிப் பார்த்தபின்பே முன்பணம் கொடுங்கள்.